அண்ணன் பேசி முடிக்கட்டும்

ஜனவரி 11

அண்ணா,

பஸ் கிளம்பும்வரை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. அண்ணிதான் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். "கடையில ஏதோ அவசர வேலையாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் கடையில் அப்படி என்ன அவசரம், யாருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது? அண்ணிக்குப் பொய் சொல்லவே வராது, பாவம். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

நீ கோபமாக இருக்கிறாய். சனிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நான் என் மெஷினைப் போனில் போட்டு உன் கையில் கொடுத்தேன். நீ பேசிப் பார்த்தாய். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாய். அதற்கப்புறம் நான் ஊருக்குக் கிளம்பும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பிப் போனாய். நீ என்னிடம் பேசாமல் இருந்ததே கிடையாது அண்ணா. சின்ன வயதில் உன் பந்தைக் கிணற்றில் போட்டபோதுகூட அன்றைக்கே பேசிவிட்டாய்.

நீ எழுந்து போய்விட்டதால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குகிறவர்களுக்கு இனிமேல் ஆள் பதில் சொல்லப்போவதில்லை, மெஷின்தான் சொல்லும். அந்த மெஷின் எப்படிப் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. உலகத்தில் இருக்கிற இந்த மாதிரி மெஷின் எல்லாம் மளமளவென்று பேசுகிறவர்களுக்குத்தான். உன்னை மாதிரி திக்கிப் பேசுகிறவர்கள் ஒரு நொடி நின்றால் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று லைனைத் துண்டித்துவிடும். என்னுடையது அப்படிச் செய்யாது. நீ நின்றால் நீ என்ன சொல்ல வந்தாய் என்று கண்டுபிடித்து அதுவே சொல்லிவிடும். நீ கஷ்டப்படவே வேண்டாம். உன்னை நினைத்துத்தான் இதைச் செய்தேன்.

நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல, நீ உன் வேலையப் பாரு." சரிதானே? அப்படி எழுதாதே. மார்ச்சில் திக்கிப் பேசுகிறவர்கள் சிலரை அழைத்து மெஷினைச் சோதிக்கப் போகிறோம். நீயும் வா. பஸ் டிக்கெட் நான் எடுக்கிறேன். மெசேஜ் போட்டால் நீ திறந்தே பார்ப்பதில்லை என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

எப்போது என்னிடம் பேசுவாய்?

தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்த,
வாலு


ஜனவரி 20

வாலு,

கோபம் இருக்கிறது.

கடிதமாக எழுதியது நல்லது. மெசேஜ் என்றால் நான் ஒரு வரி தட்டுவதற்குள் உன்னிடமிருந்து நாலு பதில் வந்துவிடும். நான் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உன் போனில் காட்டினால் போதும், என்ன தட்டுகிறேன் என்று நீயே ஊகித்துக்கொண்டு அதற்குப் பதிலும் போடுவாய். தாளில் உன் பருப்பு வேகாது. தபால்காரர் வந்து சேரும்வரை நீ காத்திருந்துதான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் மெஷின் பெயரைக் கேட்டதும் நீயே குனிந்து என் பெயரைச் சொல்லிவிட்டாய். பிறகு அது "என்ன தொந்தரவு?" என்று கேட்டது. முதுகு வலி என்று சொல்லப் போனேன். முதல் எழுத்திலேயே வாய் நின்றுவிட்டது. மேஜையைச் சுற்றி எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மெஷின் "முதுகு வலி என்று சொல்ல வந்தீர்களா?" என்றது. என் மாமனார் கை தட்டினார். "அடேங்கப்பா, நம்ம மாப்பிள்ளை வாயத் திறக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுச்சே!" என்றார். நீ அவரோடு கை குலுக்கிக்கொண்டாய்.

அது தப்பாகச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சரியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குச் சொல் கிடைக்காமல் இல்லை, வாலு. சொல் வாயில் தயாராக இருக்கிறது, வெளியே வர நேரமாகிறது. அதற்குள் இன்னொருவர் அதை எடுத்துச் சொல்லிவிட்டால் நான் எதைச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டலாம். என் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். அந்த மெஷினை எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது நீதான். குரல் மட்டும் வேறு.

இன்னொன்று. இந்த வேலைக்கு உன்னையே தலைமையாகப் போட்டதற்குக் காரணம், "திக்குகிற அண்ணனோடு வளர்ந்தவள் நான், இந்த அனுபவம் என் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று மேலதிகாரிகளிடம் நீ சொன்னதுதானாம். உன் அண்ணியிடம் நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். திக்கினது நான். அது உன் ரத்தத்தில் எப்படி வந்தது?

எப்போது பேசுவாய் என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை.

அண்ணன்


ஜனவரி 27

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு போய் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். என்ன பேசினார்கள் என்று ஒன்றும் தெரியாது.

சரி, நானும் கேட்கிறேன். மளிகைக் கடையில் அந்த ஆள் உன்னை மாதிரியே பேசிக் காட்டிச் சிரித்தபோது அவன் கையைக் கடித்தது யார்? பள்ளிக்கூடத்தில் உனக்கு உடம்பு சரியில்லை என்றால் உன் வகுப்பு வாத்தியாரிடம் போய்ச் சொன்னது யார்? நான் உனக்கு நாலு வயது சின்னவள். என் வயதுப் பெண்கள் எல்லாம் விளையாடிக்கொண்டிருந்தபோது நான் உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன், எங்கே நீ வாயைத் திறந்து மாட்டிக்கொள்வாயோ என்று. அதெல்லாம் அனுபவம் இல்லையா? உனக்கு வாய் அடைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது அண்ணா. அதை யார் கணக்கில் எழுதுவது?

வேறு யார் இதைச் செய்ய வேண்டும் என்கிறாய்? திக்குகிறவர்கள்தான் செய்ய வேண்டுமா? அப்படியானால் கட்டில் செய்கிற தச்சன் காலொடிந்து படுத்திருக்க வேண்டும். தொட்டில் செய்கிறவன் தொட்டிலில் தூங்க வேண்டும். எங்கேயோ போவானேன், உன்னையே எடுத்துக்கொள்வோம். உனக்குப் பருந்துக் கண். வாழ்க்கையில் ஒரு நாள் கண்ணாடி போட்டதில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு அனுப்புகிறாயே, உனக்கு மங்கல் என்றால் என்னவென்று தெரியுமா?

நான் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்யவும் இல்லை. எங்கள் டீமில் ஒரு நாள் எல்லாரும் வெளியே போய்த் திக்கிப் பேச வேண்டும் என்று வைத்தோம். என் யோசனைதான். மருந்துக் கடையில், பஸ்ஸில், பாங்கில் எல்லாம் திக்கினேன். மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். பஸ்ஸில் ஒரு பெண் எனக்காகப் பரிதாபப்பட்டு எழுந்து இடம் கொடுத்தாள், எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ரூமுக்கு வந்து உன்னை நினைத்து அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

நீ என்னை மெஷின் என்று எழுதிவிட்டாய். நான் உன் தங்கை.

வாலு


பிப்ரவரி 8

வாலு,

மளிகைக் கடைக்காரன் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. போன மாதம் கண்ணாடிக்கு வந்தபோது பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ செய்ததெல்லாம் பாசத்தினால்தான் என்று எனக்குத் தெரியாதா? பாசமாக இருந்ததால்தான் முப்பது வருஷமாக எதுவும் சொல்ல முடியாமல் இருந்தேன். எதிரி என்றால் சண்டை போட்டிருப்பேன்.

நீ திக்கி நடித்ததைப் படித்ததும் முதலில் எரிச்சல் வந்தது. உன் அண்ணியிடம் காட்டினேன். அவள் பஸ்ஸில் இடம் கொடுத்த கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாய் இல்லையா? மருந்துக் கடையில் எந்தச் சொல்லில் திக்குவது என்று நீயே தீர்மானித்தாய் இல்லையா? அப்படியென்றால் அது நாடகம். உனக்குக் கிடைத்தது ஊரார் பார்வை மட்டும்தான். அது எனக்கு நடப்பதில் கால் பங்குகூட இல்லை.

மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நான் பேசும்போது இரண்டு சொல்லுக்கு முன்னால் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். மாட்டுகிற சொல் வருகிறது என்று தெரிந்தால் வேறு சொல்லுக்கு மாறிவிடுவேன். "க" எனக்கு எமன், "ச" அவனுக்குத் தம்பி. தொழிலோ கண்ணாடிக் கடை. என் கடையில் நான் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? லென்ஸ் என்பேன், பவர் என்பேன், "உங்க ஐட்டம் ரெடி" என்பேன். ஊரே என்னை டீ குடிக்கிறவன் என்று நினைக்கிறது. உன் அண்ணியும் கல்யாணமான புதிதிலிருந்து டீதான் போட்டுத் தருகிறாள். எனக்கு டீ பிடிக்காது. காபிதான் பிடிக்கும். கேட்க வாய் வராது.

நீ பார்த்தது நான் திக்கின இடங்களை. திக்காமல் தப்பித்த இடங்களை நீ பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே இருந்தாலும் பார்த்திருக்க முடியாது.

உன் மெஷின் எடுத்த எடுப்பில் என்ன கேட்கிறது? "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்." காபியை டீ ஆக்கலாம். பெயரை என்ன ஆக்குவது?

உன் பெயரை நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா, யோசித்துப் பார். நீ சேட்டை செய்ததால் வாலு என்று கூப்பிடுகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நீ உள்பட. உன் பெயரின் முதல் எழுத்து எனக்கு வராது. தொட்டிலில் கிடந்த உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, வந்ததை வைத்துக் கூப்பிட்டேன்.

பருந்துக் கண் என்று குத்திக் காட்டியிருக்கிறாய். வாஸ்தவம்தான், எனக்கு மங்கல் தெரியாது. அதனால்தான் வருகிறவரை உட்காரவைத்துக் கேட்கிறேன். ஒரு லென்ஸைப் போட்டு, அடுத்ததைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்பேன். ரெண்டாவது என்றால் ரெண்டாவதுதான். எனக்கு எது தெளிவு என்ற பேச்சே அங்கே கிடையாது. நீ என்னிடம் இப்படியா அப்படியா என்று ஒரு தடவை கேட்டதுண்டா?

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். உன் மெஷின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. ஒரு சத்தமும் வரக்கூடாது. திக்குகிறவன் நானே சொல்கிறேன், இதற்குமேல் நீ யாரைக் கேட்க வேண்டும்?

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

காபியா?

இதைத் தவிர என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் உன் பிறந்த நாளுக்கு விலை உயர்ந்த டீத்தூளாகத் தேடிப் பிடித்து அனுப்பினேனே. நன்றாக இருந்தது என்று வேறு எழுதியிருந்தாய்.

என் பெயர் விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் தாள் நனைந்துவிடும்.

நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். பெயரைக் கேட்காது. நீ நின்றால் அதுவும் நிற்கும், மூச்சுக்கூட விடாது. டீமில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், "எங்க அண்ணன் சொல்லியாச்சு" என்று முடித்துவிட்டேன். சோதனை மார்ச் முதல் வாரம். வருகிறாயா, மாட்டாயா? எதுவானாலும் சரி. இது கேள்விதான், பதிலை நான் எழுதவில்லை.

வாலு


மார்ச் 10

வாலு,

பஸ் நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் அண்ணிக்கு நீ கொடுத்தனுப்பிய பை பிடித்திருக்கிறது. காபி விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத்தன வருஷமா எவ்ளோ டீ போட்டிருப்பேன், ஒரு நாளாவது மூஞ்சியச் சுளிச்சிருக்கலாமில்ல?" என்றாள். இரண்டு நாளாக வீட்டில் காபிதான், ஆனால் கோபத்தோடு போடுகிறாள்.

அந்தச் சோதனை அறையில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாய், எவ்வளவு கேட்டதோ தெரியாது.

என் முறை நன்றாகப் போனது. நான் நின்றேன், மெஷினும் நின்றது. நான் முதுகு வலி என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். வெளியே வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. பார், நான் சொன்னபடி செய்ததும் எப்படி ஆகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பிறகு சோதனைக்கு வந்திருந்த அந்தப் பள்ளிக்கூட டீச்சர் போனார். பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அது சத்தமே போடாம இருந்துதா, எனக்கு பயமாயிடுச்சுங்க. லைன்ல ஆளே இல்லாத மாதிரி. நான் பேசறது க... க..." என்று நின்றார்.

வாலு, நான் என்ன செய்தேன் தெரியுமா? "கட்டாயிடுச்சோன்னு நெனச்சீங்களா?" என்றேன்.

இந்த ஒரு சொல்லில் எனக்கு "க" திக்காமல் வந்தது. அடுத்தவர் சொல் என்றால் எனக்கும் வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொறுமையாக மூச்சு எடுத்து, "காதுல விழுதான்னே தெரியலைன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்துவிட்டு, "நீங்களுமா சார்?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். ஆனால் நான் அவர் திணறுவதைப் பார்த்தேன், பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை, அவரைக் காப்பாற்றப் போனேன். உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? மளிகைக் கடையில், பள்ளிக்கூடத்தில் எல்லாம்.

அந்தப் பார்சல் கொண்டுபோகிற பையன் சொன்னது இன்னும் மோசம். "முடிச்சு வெக்கட்டும் சார், எனக்கென்ன? நாள் பூரா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு போராடறேன். போன்லயாவது சீக்கிரம் விட்டா போதும்" என்றான். எனக்குக் கோபம்கூட வந்தது. திக்குகிற ஒருவன் இப்படிச் சொல்லலாமா என்று. பிறகு பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் வாய் அவனுடையது. நான் திக்குவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று உன்னிடம் சொன்னேன், சரி. அவன் திக்குவது எனக்கு எப்படித் தெரியும்? இதுவா அதுவா என்று நாள் முழுக்கக் கடையில் கேட்கிறவன் அந்தப் பெஞ்சில் ஒருத்தரையும் கேட்கவில்லை.

நீ "பார்த்தியா" என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கவனித்தேன்.

அங்கே எல்லாரிடமும் பேசினேன். உன்னிடம் மட்டும் தலையை ஆட்டினேன். நீயும் கவனித்திருப்பாய். பஸ் நிலையத்தில் "காபியா, டீயா?" என்று கேட்டுவிட்டு நீ நின்றாய். நான் விரலை நீட்டிக் காபியைக் காட்டினேன். சொல்லியிருக்கலாம், நீ எவ்வளவு நேரமும் நின்றிருப்பாய். கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. உன்னிடம் வாயைத் திறந்தால் நீ முடித்துவிடுவாய் என்ற பயம் மட்டும் இந்தப் பாழும் வாயை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது, பெஞ்சில் நீங்கள் பேசியதுகூட. "நீங்களுமா சார்?" கேட்டதும் நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

இங்கே ஒரே களேபரம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "முதல்ல முடிச்சு வெக்கணும்னீங்க, அப்புறம் பேசவே கூடாதுன்னீங்க, இப்ப என்ன? உங்க அண்ணன் ஒருத்தருக்காக மாத்திக்கிட்டே இருப்பீங்களா?" என்றார். "அண்ணனுக்காக இல்ல சார். அண்ணன் சொன்னதும் எல்லாருக்கும் ஒத்து வரல" என்றேன். அந்த ரத்தம் விஷயத்தையும் அப்போதே வாபஸ் வாங்கிவிட்டேன். எனக்குத் திக்குவதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி இருந்தேன், தெரியாது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்க எனக்கு நாள் கொடுங்கள் என்றேன். இத்தனைக்கும் மூன்று மாதம் முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாம் தெரியும் என்று சொன்னேன்.

தலைமையை எடுத்துவிட்டார்கள். வேலையை எடுக்கவில்லை. எனக்கு மேலே ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நாள் கிடைத்துவிட்டது, எனக்கு வேண்டியது அதுதான். டீச்சர் வீட்டுக்குப் போனேன், அந்தப் பார்சல் தம்பியோடு ஒரு நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன், இன்னும் பலரைப் பார்த்தேன். ஒருத்தர் கேட்பது இன்னொருத்தருக்கு ஆகாது. கடைசியில் நாங்கள் செய்திருப்பது இதுதான்: காத்திருக்கிறபோது நடுநடுவே மெதுவாக "ம்" என்று ஒரு குரல் மட்டும் வரும், ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காக. அந்த "ம்" வேண்டாம் என்றாலும் சொல்லலாம், முடித்து வை என்றாலும் சொல்லலாம், எதையும் சொல்லப் பிடிக்காவிட்டால் பட்டனை அழுத்தலாம். எப்படி வேண்டும் என்று முதலில் அது போன் செய்கிறவரையே கேட்டுக்கொள்ளும். ஏப்ரலில் வருகிறது.

நான் உன் பேச்சை மட்டும்தான் முடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் ரூமில் கூட இருக்கிறவளிடம் கேட்டால், "அம்மா தாயே, என் பேச்சை என்னிக்கு நீ முழுசா விட்டிருக்கே?" என்கிறாள். இப்போது அவள் பேசும்போது நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறேன். அவள் பேசி முடித்தபிறகும் நான் வாயைத் திறக்காததால் கோபித்துக்கொண்டாயா என்கிறாள்.

அண்ணா, நீ என்னோடு பேசி... வேண்டாம். அது உனக்கே தோன்ற வேண்டும். நான் அந்த வரியை முடிக்கவில்லை.

வாலு


மார்ச் 27

வாலு,

தலைமை போனது எனக்கு வருத்தம். உனக்கு அதிகம் வருத்தம் இல்லை என்று எழுதியிருப்பதை நான் முழுசாக நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். உன் அண்ணி நம்பரைப் போட்டுத் தரமாட்டாள், பக்கத்திலும் இருக்கமாட்டாள், மார்க்கெட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். நானே செய்கிறேன்.

முகம் தெரிகிற போன் வேண்டாம். நான் நின்றால் உன் உதடு தானாக அசையும், எனக்கு முன்னால் அது சொல்லிவிடும். உனக்கே தெரியாது அது.

எடுத்ததும் "சொல்லுண்ணா சொல்லுண்ணா" என்று ஆரம்பிக்காதே. என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்தும் வைக்காதே. எனக்கு வெறும் மௌனம்தான் வேண்டும் என்று பெரிதாகச் சொன்னேன், இப்போது அந்த டீச்சர் சொன்னது எனக்கும் சரி என்று தோன்றுகிறது. நடுவில் ஒரு "ம்" மட்டும் போடு.

வராமல் போனால் வைத்துவிடுவேன். அதற்காக அழாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

போனில் பேசினபிறகும் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அன்றைக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய், இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

ஏழு மணிக்கே எழுந்து குளித்து, தலை வாரி, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் தெரியாத போனுக்கு எதற்கு அலங்காரம் என்று கூட இருக்கிறவள் கேட்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

யோசித்து வைக்காதே என்று நீ எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள், யோசித்தேன். என் பெயரைச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அண்ணன் என் பெயரைச் சொல்லப்போகிறான் என்று அழுவதற்குத் தயாராக ஒரு துண்டைக்கூட மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் நம் சின்ன வயதைப் பற்றி ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் இனிமேல் என்னிடம் இப்படிச் செய்யாதே என்று ஒரு வார்த்தை.

போன் அடித்தது. எடுத்தேன். நீ "வாலு" என்றாய். பிறகு "சா" என்று ஆரம்பித்து நின்றுவிட்டாய்.

அண்ணா, நான் அந்தத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். உன் மூச்சு கேட்டது. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது கேட்டது. நீ மறுபடி ஆரம்பித்தாய், மறுபடி நின்றாய். நான் "ம்" போட்டேன். துண்டு இருந்ததால் அது எப்படிக் கேட்டதோ தெரியாது. அப்போது என் தொண்டை வரைக்கும் எத்தனை சொற்கள் வந்தன தெரியுமா? சாரி, சாயங்காலம், சாவி, என்னென்னமோ. ஒவ்வொன்றாக விழுங்கினேன். பிறகு சொற்கள் வருவதும் நின்றுவிட்டது. உன் குரல் மட்டும்தான் இருந்தது, அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை, அதோடு சும்மா கூடவே நின்றுகொண்டிருந்தேன்.

"சாப்பிட்டியா?" என்றாய்.

அவ்வளவுதான். அதற்காகத்தான் அண்ணியை மார்க்கெட்டுக்கு அனுப்பினாய்.

இந்த உலகத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. நீ என்னிடம் இதைக் கேட்டு நான் கேட்டதே இல்லை. நீ "சா" என்று வாயைத் திறப்பாய், நான் "சாப்ட்டேண்ணா" என்று கத்திவிட்டு ஓடிவிடுவேன். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். பாதி நாள் சாப்பிட்டிருக்கமாட்டேன். உன் கஷ்டம் சீக்கிரம் தீர வேண்டும் என்று ஒரு பதிலைக் கையில் வைத்திருந்தேன், எப்போதும் அதே பதில். அன்றைக்குக் கேள்வி முழுசாக வந்து எதிரே நின்றபோது அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லண்ணா" என்றேன்.

"ஏன்?" என்றாய்.

பயமாக இருந்தது என்றேன். பொழுது விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றேன். தலைமையை எடுத்த நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொல்லிவிட்டேன், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதுதான் நீ திட்ட ஆரம்பித்தாய். எனக்கு அறிவு இருக்கிறதா என்று கேட்டாய். வேலை போனால் வேறு வேலை, உடம்பு போனால் என்ன செய்வாய் என்றாய். நடுவில் மூன்று நான்கு இடத்தில் நின்றுபோனாய், ஒரு இடத்தில் ரொம்ப நேரம். கோபத்தில் சொல்லை மாற்றிக்கொள்ளக்கூட உனக்குத் தோன்றவில்லை, மாட்டுகிற சொற்களை எல்லாம் தேடிப் பிடித்தது போலத் திட்டினாய். என்னை இப்படி யாரும் திட்டி எத்தனை நாளாகிறது.

நீ திட்டி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டேன், அண்ணா.

வாலு